புதிதாக வந்த பையனைச் சேர்த்துக்கொள்ள வைக்கக் கதை போதுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அரசுத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறீர்கள். பீகாரிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் இந்த ஆண்டு உங்கள் வகுப்பில் சேர்ந்திருக்கிறான். மற்றப் பிள்ளைகள் அவனை அடிப்பதில்லை, திட்டுவதில்லை, ஆனால் விளையாட்டில் சேர்த்துக்கொள்வதும் இல்லை. தேவதைக் கதைகள் சொல்லிச் சிநேக குணத்தை வளர்க்கலாம் என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். எந்தெந்தக் கதைகளைச் சொல்லலாம் என்று பட்டியல் கேட்கிறீர்கள். பட்டியல் தருகிறேன். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, கதை கேட்ட பிள்ளை மறுநாள் இடைவேளையில் வேறு மாதிரி நடந்துகொள்ளுமா என்பதுதான். சும்மா கதையைச் சொல்லி முடித்தால் பெரும்பாலும் நடந்துகொள்ளாது. அந்தக் கதையை வைத்துப் பிள்ளைகள் சேர்ந்து ஏதாவது செய்தால், கூடவே வகுப்பில் ஒரு விதியும் இருந்தால், நடந்துகொள்ள வாய்ப்பு உண்டு. தொடக்கப் பள்ளியில் நெடுங்காலம் பாடம் நடத்திவிட்டு, பிறகு வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்தவன் நான். உளவியல் பட்டம் எதுவும் கிடையாது. வகுப்பறையில் பார்த்ததையும் ஆய்வுகளில் படித்ததையும் தனித்தனியாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. உங்கள் வகுப்பில் நட்புக்குப் பஞ்சம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நட்பு கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். நான்கு பேர் சேர்ந்தே வருவார்கள், சேர்ந்தே சாப்பிடுவார்கள், ஒருவன் ரப்பரைத் தொலைத்தால் இன்னொருவன் பாதியாக வெட்டிக் கொடுப்பான். அந்தக் கும்பல் இறுகியிருப்பதால்தான் புதுப் பையன் வெளியே நிற்கிறான். ஆகவே உங்களுக்கு வேண்டியது, நண்பனிடம் விசுவாசமாக இருப்பது எப்படி என்று சொல்லும் கதை அல்ல. நண்பனாக இல்லாத ஒருவனிடம் எப்படி நடந்துகொள்வது என்பதைக் காட்டும் கதை. நீதிபோதனை பீரியடில் நாம் வழக்கமாக எடுத்துவிடும் கதைகளைப் பாருங்கள். நான்கு எருதுகளும் சிங்கமும் கதையில், ஒன்றாக நின்றவரை எருதுகளுக்கு ஆபத்தில்லை. பிரிந்ததும் சிங்கம் ஒவ்வொன்றாக அடித்துத் தின்றது. ஒற்றுமைக்கு அருமையான கதைதான். ஆனால் உங்கள் வகுப்பில் அந்த நான்கு எருதுகள் யார், வெளியிலிருந்து வருவது யார் என்று பிள்ளைகள் மனதில் எப்படிக் கணக்குப் போடுவார்கள்? கரடியைக் கண்டதும் மரத்தில் ஏறிக்கொண்ட நண்பன் கதையும் இப்படித்தான். அது நண்பனைச் சோதிக்கச் சொல்கிறது. அந்நியனிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லவில்லை. வள்ளுவர்கூட நட்புக்கு ஒதுக்கிய ஐந்து அதிகாரங்களில் தீ நட்பு, கூடா நட்பு என்று இரண்டை எச்சரிக்கைக்கே வைத்துவிட்டார். நீதிக்கதை மரபு ஆளைப் பார்த்துப் பழகச் சொல்லும் மரபு. அதில் தவறில்லை, உங்கள் தேவைக்குத்தான் அது போதாது.

மாயக் கதைகள் எனக்குப் பிடிப்பது இந்த இடத்தில்தான். அவற்றில் திரும்பத் திரும்ப ஒரு கட்டம் வரும். வழியில் முன்பின் தெரியாத யாரோ ஒருவர் ஏதோ கேட்பார். கொடுப்பவனுக்கு வழி திறக்கும், கொடுக்காதவனுக்கு அடைபடும். ரஷ்யக் கதைகளைப் பிரித்து ஆராய்ந்த விளாதிமிர் பிராப் 1928-இல் வெளியிட்ட நூலில், இப்படிச் சோதித்துவிட்டு உதவி தரும் பாத்திரத்தைக் கதையின் அடிப்படை உறுப்புகளில் ஒன்றாகவே வைத்தார். ஜெர்மானிய நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டிய கிரிம் சகோதரர்களின் தொகுப்பில் உள்ள தங்க வாத்துக் கதை நல்ல உதாரணம். மூன்று அண்ணன் தம்பிகள். மூத்தவன் விறகு வெட்டப் போகும்போது அம்மா நல்ல முட்டைப் பணியாரமும் திராட்சை மதுவும் கொடுத்து அனுப்புகிறாள். காட்டில் நரைத்த குள்ளக் கிழவர் ஒருவர், "பசிக்கிறது, ஒரு விள்ளல் கொடு" என்கிறார். "உனக்குக் கொடுத்தால் எனக்கு என்ன மிஞ்சும்?" என்று போய்விடுகிறான், கோடாலி கை தவறி அவன் கையிலேயே விழுகிறது. இரண்டாமவனுக்குக் காலில். எல்லோரும் மக்கு என்று ஒதுக்கிவைத்த கடைக்குட்டிக்குக் கிடைத்தது சாம்பலில் சுட்ட காய்ந்த ரொட்டியும் புளித்துப்போன பானமும். அவன், "இதுதான் இருக்கிறது, பரவாயில்லை என்றால் வா, சேர்ந்து சாப்பிடலாம்" என்கிறான். உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தால் நல்ல பணியாரம். அப்புறம் கிழவர் காட்டிய மரத்தின் வேரடியில் தங்க இறகு உள்ள வாத்து. (மதுவைப் பள்ளியில் நான் மோராக்கிவிடுவேன்.) இந்தக் கதையைச் சொன்னால் எட்டு வயதுப் பிள்ளைகளில் ஒருவராவது கட்டாயம் எழுந்து, "வாத்து கிடைக்கும்னுதானே கொடுத்தான்" என்று கேட்கும். கேட்கட்டும். "அவனுக்கு அது அப்போது தெரியுமா?" என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள். பத்து நிமிடம் அவர்களே பேசிக்கொள்வார்கள். நீங்கள் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

சரி, இதெல்லாம் உண்மையிலேயே வேலை செய்கிறதா? உறுதியாகச் சொல்லக்கூடியது குறைவுதான். 2014-இல் காங் லீ என்ற உளவியலாளரின் குழு, மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்குப் பழைய நீதிக் கதைகளைச் சொல்லிவிட்டு அவர்கள் உண்மை பேசுகிறார்களா என்று பார்த்தது. பொய் சொன்னதால் மூக்கு நீண்ட பினோக்கியோ கதையும், புலி வருது கதைபோல ஓநாய் வருது என்று ஏமாற்றிய சிறுவன் கதையும் எந்த மாற்றத்தையும் தரவில்லை. மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்டு பாராட்டு வாங்கிய ஜார்ஜ் வாஷிங்டன் கதை மாற்றம் தந்தது. அதே கதையின் முடிவைத் தண்டனையாகத் திருப்பிச் சொன்னபோது அந்தப் பலனும் போய்விட்டது. அது நேர்மையைப் பற்றிய ஆய்வு, சிநேகத்தைப் பற்றியது அல்ல. இருந்தாலும், கெட்டவனுக்கு விழும் அடியைவிட நல்லது செய்தவனுக்குக் கிடைக்கும் மகிழ்ச்சியை அழுத்திச் சொல்வது நல்லது என்று எனக்குப் படுகிறது. தங்க வாத்துக் கதையில் கோடாலியை நான் இரண்டே சொல்லில் தாண்டிவிடுவதும் அதனால்தான்.

இன்னொன்று நம் பழக்கத்தையே கேள்வி கேட்கிறது. கனடாவின் டொரொண்டோவில் நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. பகிர்ந்து கொடுப்பதைப் பற்றிய ஒரே கதை. சிலருக்கு அது சட்டை போட்ட விலங்குகளின் கதை, சிலருக்கு மனிதப் பிள்ளைகளின் கதை. மனிதர் கதையைக் கேட்டவர்கள்தான் தங்கள் ஸ்டிக்கர்களை முன்பைவிட அதிகமாகப் பகிர்ந்தார்கள். விலங்குக் கதை அந்த வேலையைச் செய்யவில்லை. இதைப் படித்துவிட்டு நான் விலங்குக் கதைகளை மூட்டை கட்டிவிடவில்லை. ஒரே ஒரு முறை வாசித்துவிட்டு உடனே ஸ்டிக்கரை எண்ணிய ஆய்வு அது; நம் பிள்ளைகள் காக்காவோடும் நரியோடும் வளர்ந்தவர்கள்; வாரக்கணக்கில் நடித்துப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு அதில் பதில் இல்லை. ஆனால் விலங்குக் கதை சொன்னதும் பிள்ளை அதைத் தன் வாழ்க்கையோடு தானாகவே பொருத்திக்கொள்ளும் என்ற நம்பிக்கையை நான் விட்டுவிட்டேன். அந்தப் பாலத்தை நாம்தான் கட்ட வேண்டும்.

உங்கள் நிலைமைக்கு மிக அருகில் வருவது, பிரிட்டனில் கேமரன், ரட்லண்ட் இருவரும் செய்து 2006-இல் வெளியான ஆய்வு. மாற்றுத்திறன் இல்லாத பிள்ளைகளுக்கு, மாற்றுத்திறனுள்ள பிள்ளையும் மற்றொரு பிள்ளையும் நண்பர்களாக இருக்கும் கதைகளை வாரம் ஒன்று என்று ஆறு வாரம் வாசித்து, பேசவும் வைத்தார்கள். யார் எந்தப் பிரிவு என்பதை அழுத்தாமல் விட்ட கதையைவிட, ஒவ்வொருவரின் தனிக் குணங்களை மட்டும் சொன்ன கதையைவிட, வித்தியாசத்தையும் சொல்லி நட்பையும் காட்டிய கதைதான் கூடுதல் பலன் தந்தது. சிறிய ஆய்வுதான், பிள்ளைகள் சொன்னதைத்தான் அளந்தது, செய்ததை அல்ல. இருந்தாலும் நம் வகுப்புகளில் கேட்கும் "எல்லாரும் ஒண்ணுதான், சேர்ந்து விளையாடுங்க" என்ற வசனம் ஏன் எடுபடுவதில்லை என்று எனக்கு இதைப் படித்தபோது ஓரளவு புரிந்தது. அந்தப் பையன் வேறு மொழி பேசுகிறான் என்பது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். டீச்சர் மட்டும் தெரியாத மாதிரி நடித்தால் அவர்கள் நம்ப மாட்டார்கள்.

அதற்குத்தான் பிரேமன் நகர இசைக்கலைஞர்கள் கதையைப் பரிந்துரைக்கிறேன். கிரிம் தொகுப்பின் 1819-ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்ந்த கதை இது. மூட்டை சுமக்க முடியாத கிழட்டுக் கழுதை, வேட்டைக்கு உதவாத நாய், பல் மழுங்கிய பூனை, மறுநாள் சூப்பாகப் போகிற சேவல். நான்கையும் அவரவர் வீட்டில் வேண்டாம் என்று விட்டார்கள், அல்லது கொல்லப் பார்த்தார்கள். பிரேமனுக்குப் போய்ப் பாடிப் பிழைக்கலாம் என்று கிளம்புகின்றன. இரவு காட்டில் திருடர் வீட்டு ஜன்னலில் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நின்று, ஒவ்வொன்றும் தன் குரலிலேயே ஒரே நேரத்தில் கத்த, திருடர்கள் பேய் என்று ஓடிவிடுகிறார்கள். நான்கும் அங்கேயே தங்கிவிடுகின்றன. பிரேமனுக்குப் போய்ச் சேரவே இல்லை. இதில் யாரும் யார் மாதிரியும் மாற வேண்டியதில்லை. கழுதை கழுதையாகக் கத்தியதால்தான் காரியம் நடந்தது.

ஒரு பள்ளியில் மாதிரி வகுப்பு எடுத்தபோது இந்தக் கதையை நடிக்க வைத்தேன். "சேவல் எப்படிக் கூவும்?" என்றதும் வகுப்பே "கொக்கரக்கோ" என்றது. கடைசி வரிசையில் ஓர் இந்தி பேசும் சிறுமி "குக்டூ கூ" என்று முணுமுணுத்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், அது நல்ல சிரிப்பு இல்லை. அதைக் கண்டுகொள்ளாமல், "கழுதை?" என்றேன். நம் பிள்ளைகளிடம் கழுதைக்குச் சட்டென்று ஒரு சொல் இல்லை. ஆளுக்கொரு விதமாக இழுத்தார்கள். அவளைப் பார்த்தேன். "டேஞ்சூ, டேஞ்சூ" என்றாள். இந்தியில் கழுதை அப்படித்தான் கத்தும். வகுப்புக்கு அது பிடித்துப்போய், கழுதை வேடம் போட்ட பையன் அவளிடம் வந்து எங்கே நிறுத்துவது, எங்கே இழுப்பது என்று கேட்டுக்கொண்டு போனான். அவ்வளவு நேரம் எதையும் கேட்டு வாங்கும் இடத்தில் இருந்தவள், கொடுக்கும் இடத்துக்கு வந்தாள். உங்கள் பையனுக்கும் இப்படி ஓர் இடம் வேண்டும். "பாவம், அவனையும் சேர்த்துக்கோங்க" என்று நாம் சொல்லி வாங்கிக் கொடுக்கும் இடம் இரண்டு நாள்கூட நிற்காது.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, ஒரே பிள்ளைக்கு ஒரே பாத்திரத்தை இரண்டாம் முறை கொடுக்காதீர்கள். "டேஞ்சூ" பட்டப் பெயராக ஒட்டிக்கொள்ள ஒரு நாள் போதும். மறுநாளே பாத்திரங்களை மாற்றிவிடுங்கள். வகுப்பிலேயே செல்வாக்குள்ள பையன் ஒரு தடவையாவது கழுதையாக இருக்க வேண்டும். இரண்டு, பிள்ளைகளை ஒருவர் மேல் ஒருவர் ஏற்றாதீர்கள். ஒருவர் உட்கார, ஒருவர் மண்டியிட, ஒருவர் நிற்க என்று வைத்தாலே கோபுரம் வந்துவிடும்.

நரியும் கொக்கும் கதை சின்னதுதான், ஆனால் முடிவைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டால் அதைவிட நல்ல பயிற்சி இல்லை. நரி தட்டையான தட்டில் சூப் ஊற்றிக் கொக்கைப் பட்டினி போட்டது; கொக்கு குறுகிய வாய் உள்ள ஜாடியில் வைத்துப் பழி தீர்த்தது. ஈசாப் அங்கே நிறுத்திவிடுகிறார். நீங்கள், "மூன்றாம் நாள் இருவரும் சேர்ந்து சாப்பிட வேண்டும், என்ன செய்யலாம்?" என்று கேட்டு நாலு நாலு பேராகப் பிரித்துவிடுங்கள். இட்லி வைக்கலாம், குழம்பு ஊற்றக்கூடாது என்று ஒரு குழு சொன்னது: கொக்கு கொத்தும், நரி கடிக்கும். தட்டு ஒன்று, ஜாடி ஒன்று, ஆளுக்கொன்று வைத்தால் போதுமே என்றது இன்னொரு குழு. முதலில் கொக்கிடம் எதில் சாப்பிடுவாய் என்று கேட்டாலே முடிந்தது என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்க்கத் தொடங்கிவிட்டது.

சொல்ல வேண்டாம் என்று நான் நினைக்கும் கதைகளும் உண்டு. டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் 1843-இல் எழுதிய அசிங்கமான வாத்துக் குஞ்சு கதையை ஒதுக்கப்பட்ட பிள்ளைக்காகப் பலரும் சொல்கிறார்கள். யோசித்துப் பாருங்கள்: கொத்தி விரட்டிய வாத்துகள் ஒருநாளும் திருந்துவதில்லை, குஞ்சு அழகான அன்னமாக மாறி, தன் இனத்தோடு போய்ச் சேர்ந்துவிடுகிறது. அழகாக மாறு, அல்லது உன் ஆட்களிடம் போ என்றுதான் அது உங்கள் பையன் காதில் விழும். இலக்கியமாக எனக்கு மிகவும் பிடித்த கதை. இந்த வேலைக்கு ஆகாது. சிண்ட்ரெல்லாவைச் சொல்வதானால் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோவின் 1697-ஆம் ஆண்டு வடிவத்தை எடுங்கள், அதில் அவள் சகோதரிகளை மன்னித்து அரண்மனைக்கே அழைத்துக்கொள்கிறாள். கிரிம் வடிவத்தில் புறாக்கள் அவர்கள் கண்ணைக் கொத்திவிடுகின்றன. அழகு என்றால் வெள்ளை, கெட்டது என்றால் கறுப்பு என்று வரும் வரிகளை வாசிக்கும்போதே மாற்றிவிடுங்கள். நிறத்தைச் சொல்லிக் கேலி செய்வது நம் வகுப்புகளில் ஏற்கெனவே போதுமான அளவு நடக்கிறது. சித்தி கொடுமைக் கதைகளும் அப்படியே. உங்கள் வகுப்பில் சித்தியிடம் வளரும் பிள்ளை இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு எடுங்கள்.

முன்பின் தெரியாதவரிடம் அன்பாக இரு என்று சொல்லும்போது பெற்றோர் பயப்படுவார்கள், அந்தப் பயம் நியாயம். இதற்குப் பஞ்சதந்திரத்தில் ஒரு நல்ல காட்சி இருக்கிறது. நண்பர்களைச் சேர்த்துக்கொள்வது பற்றிய இரண்டாம் தந்திரத்தில், அதாவது இரண்டாம் பகுதியில், காகம் எலியின் வளை வாசலில் வந்து நட்பாக இருக்கலாமா என்று கேட்கிறது. எலி வெளியே வராமல் உள்ளிருந்தே, "நான் உனக்கு இரை, எப்படி நட்பு?" என்கிறது. திட்டவில்லை, ஓடவும் இல்லை. பேசிப் பேசி, பழகிப் பழகித்தான் வெளியே வருகிறது. பிறகு ஆமையும் மானும் சேர்ந்துகொள்கின்றன. வகுப்பில் இருக்கும் பிள்ளையிடம் சிரிப்பது வேறு, தெருவில் தெரியாத பெரியவர் கூப்பிட்டால் போவது வேறு என்பதை இந்தக் கதையோடு தெளிவாகப் பிரித்துச் சொல்லிவிடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் அன்றைக்கே கரும்பலகையில் எழுதலாம்.

கதை முடிந்ததும், "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டோம்?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு என்ன பதில் வேண்டும் என்று பிள்ளைகளுக்கு அத்துப்படி. "எல்லாரிடமும் அன்பாக இருக்கணும் டீச்சர்" என்று ஒரே குரலில் ஒப்பித்துவிட்டு, மணி அடித்ததும் அதே நான்கு பேராக ஓடுவார்கள். புதுப் பையனைச் சுட்டிக்காட்டியும் கதையை முடிக்காதீர்கள். அவன் ஊரையும் மொழியையும் மறைக்க வேண்டாம், ஆனால் அவனைப் பாடப்பொருளாக்கவும் வேண்டாம்.

கதையோடு விதி என்று முதலில் சொன்னேன் அல்லவா, அது என் கண்டுபிடிப்பு அல்ல. சிகாகோவில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய விவியன் பேலி, "நீ விளையாட வரக்கூடாது என்று யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது" என்று வகுப்பில் ஒரு விதி கொண்டுவந்தார். கொண்டுவருவதற்கு முன் பிள்ளைகளோடு நிறையப் பேசினார். அதே நாட்களில் மேக்பை என்ற பறவையைப் பற்றித் தானே ஒரு தொடர்கதை கட்டிச் சொல்லிவந்தார். அந்த அனுபவத்தை 1992-இல் நூலாக எழுதினார். விதி மட்டும் இருந்தால் போலீஸ் வேலையாகிவிடும், கதை மட்டும் இருந்தால் காற்றோடு போய்விடும் என்பது அதைப் படித்தும் முயன்றும் எனக்குத் தோன்றியது. மூன்றாம் வகுப்பில் விதியைப் பிள்ளைகள் வாயாலேயே வரவழைக்க முடியும். ஒரு வாரம் இழுக்கும், பொறுங்கள்.

கதையால் ஆகாதவையும் உண்டு. ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளை தொடர்ந்து அடித்தால், மிரட்டினால், காசு பிடுங்கினால், அங்கே கதை சொல்லிக்கொண்டிருப்பது நேர விரயம். பெரியவர்கள் நேரடியாகத் தலையிட வேண்டும். "அவனோட சேராதே" என்பது வீட்டில் சாதியைச் சொல்லியோ ஊரைச் சொல்லியோ கொடுத்து அனுப்பிய வார்த்தையாக இருந்தால், தங்க வாத்து அதை மாற்றாது. அங்கே உங்கள் கையில் இருப்பது இருக்கை வரிசையும் சாப்பாட்டு வரிசையும்தான். காலை உணவும் மதிய உணவும் பள்ளியிலேயே நடக்கிறது. யார் யார் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதை வாரம் ஒருமுறை நீங்கள் மாற்றினால் யாரும் கேட்க முடியாது.

வீடியோவாகப் போட்டுக் காட்டலாமா என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். வாயால் சொல்லுங்கள். பாதியில் நிறுத்தி முகங்களைப் பார்க்கலாம், புதுப் பையனுக்குப் புரியாத இடத்தில் கையால் காட்டலாம். கிரிம், பெரோ, ஆண்டர்சன் கதைகளுக்கு எப்போதோ காப்புரிமை முடிந்துவிட்டது, உங்கள் ஊருக்கு ஏற்றபடி கூச்சமில்லாமல் மாற்றிக்கொள்ளலாம். தங்க வாத்தில் தொடங்குங்கள். இரண்டாம் பாதியில் வாத்தைத் தொட்டவர், அவரைத் தொட்டவர் என்று ஏழு பேர் வரிசையாக ஒட்டிக்கொண்டு கடைக்குட்டியின் பின்னால் ஓடுவார்கள். அதை மைதானத்தில் ஆட வைத்துவிடுங்கள். அதற்குத் தமிழும் தெரிய வேண்டியதில்லை, இந்தியும் தெரிய வேண்டியதில்லை. பிரேமன் கதை அதற்கு அடுத்த வாரம்.